மாரிக் காவலும் கைகால் வெம்மையும்: மட்டக்களப்பு வாவிக்கரை வேட்டை வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

மட்டக்களப்புப் பிரதேசத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோருக்கு இன்று அடிப்படை நூல்கள் சில உள. எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மாவட்ட விவரண நூல், எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்து 1962இல் வெளிவந்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்பன அவற்றுள் முதன்மையானவை. கோயில், குடி, வேளாண்மை, கூத்து, நாட்டுப்பாடல் ஆகியன பற்றி இந்நூல்கள் தரும் செய்திகளின் துணையின்றி இப்பிரதேசம் குறித்து எதுவும் எழுதுதல் அரிது. எனினும், மாரிக்கால நள்ளிரவில் வயற்பரணிலே விழித்திருந்து பன்றியையும் யானையையும் எதிர்கொண்ட மனிதன் தன் கையையும் காலையும் குளிரினின்று எவ்வாறு காத்துக்கொண்டான் என்ற வினா நம் ஆய்வாளரின் கவனத்தை இதுவரை அதிகம் ஈர்க்கவில்லை. சிறிய வினாவாகத் தோன்றும் இதனைப் பின்தொடர்ந்து செல்லின், இப்பிரதேசத்து உழைப்பின் வரலாற்றிலே ஒரு முக்கியமான பகுதி புலப்படும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வெப்ப நாட்டிலே குளிரைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்ற ஐயம் முதலிலே எழக்கூடும். மட்டக்களப்பிலே மார்கழி, தை மாதங்களின் இரவில் வெப்பநிலை 22 அல்லது 23 பாகை செல்சியசு அளவுக்கே இறங்குகின்றது. பனி உறைவதில்லை, நீர் கட்டியாவதில்லை. ஆனால் அம்மாதங்களின் விடியற்காலையில் வீடுகளிலே தேங்காயெண்ணெய்ப் போத்தல் உறைந்து வெண்மையாக நிற்பதை நாம் அறிவோம். தேங்காயெண்ணெய் உருகும் நிலை ஏறத்தாழ 24 பாகையாகும். ஆகவே, வெப்பமானி இல்லாத வீட்டுக்கும் அந்தப் போத்தலே வெப்பமானியாக இருந்து, குளிர்காலம் வந்துவிட்டதை அறிவித்தது. எண்ணெய் உறையும் அளவான அக்குளிர், கூரையின் கீழ்ப் பாயில் படுத்திருப்பவனுக்குப் பொருட்டன்று. மழையில் நனைந்த உடலோடும் சேற்றில் ஊறிய பாதத்தோடும் காற்றுமுகத்தில் அசையாது அமர்ந்திருப்பவனுக்கு அது முற்றிலும் வேறானது.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நிலத்தின் அமைப்பையும் பருவத்தின் போக்கையும் நோக்குதல் வேண்டும். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. மேற்கே வயல்களும் குளங்களும் காடுகளும் விரிந்த நிலம் படுவான்கரை. மக்கள் செறிந்து வாழ்ந்தது பெரும்பாலும் எழுவான்கரையில். பெருவயல்கள் இருந்தவை படுவான்கரையில். எனவே வேளாண்மைக் காலத்திலே உழைப்போர் பலர் தோணியேறி வாவியைக் கடந்து சென்று, வயல்வாடிகளிலே மாதக்கணக்காகத் தங்கினர். ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்டது கார்த்திகை தொடங்கித் தை வரையுள்ள வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெய்கின்றது. மாரி வேளாண்மை விதைக்கப்பட்டு, பயிர் எழுந்து, குடலை கட்டி, கதிர் தள்ளுங் காலமும் இதுவே. பயிர் பால்பிடிக்கத் தொடங்கியதும் காட்டுப்பன்றி வயலுக்கு வருகின்றது. அதாவது, விலங்கு மனிதனைத் தேடி வருங் காலமும் குளிர்காலமும் இங்கே ஒன்றாகின்றன.

வேட்டையின் பருவம் பற்றிய இவ்வுண்மையைப் பழந்தமிழ் இலக்கியத்தோடு ஒப்பிடுதல் பயனுடையது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், எயினர் நீர்நிலையருகே தோண்டிய குழியுள் மறைந்து ஒடுங்கி, நள்ளிரவில் நீருண்ண வரும் பன்றிக்காகக் காத்திருக்கும் காட்சி வருகின்றது. அது மழை பொய்த்த காலத்து வேட்டை. வறட்சியிலே நீர்நிலைகள் சுருங்க, விலங்குகள் எஞ்சிய நீரை நாடி வருகின்றன. வேடன் உலர்ந்த மண்ணிலே காத்திருக்கின்றான். படுவான்கரையிலும் கோடைக்கால வேட்டை குளக்கரைகளை ஒட்டியே அமைந்தது. மாரிக்கால வேட்டையோ இதற்கு நேர்மாறானது. எங்கும் நீர் நிறைந்திருக்கையில் விலங்கு நீருக்காக வருவதில்லை, நெல்லுக்காக வருகின்றது. அப்பொழுது வேடனாகின்றவன் உழவனே. இறைச்சிக்காகவன்றி விளைவைக் காப்பதற்காகவே அவன் விழித்திருக்கின்றான். ஆகவே மட்டக்களப்பிலே குளிர்கால வேட்டை என நாம் கூறுவது பெரும்பாலும் இராக்காவலையே குறிக்கும்.

இனி, அவன் எதிர்கொண்ட குளிரின் தன்மையை நோக்குவோம். ஈரம், காற்று, அசைவின்மை என்ற மூன்றும் கூடியதே அக்குளிர். நீர் காற்றை விட ஏறத்தாழ 24 மடங்கு வெப்பத்தைக் கடத்தவல்லது. நனைந்த சாரமும் நனைந்த போர்வையும் உடலின் வெப்பத்தைப் பேணுவதற்கு மாறாக அதனை வெளியே இழுத்துச் செல்கின்றன. ஈரம் ஆவியாகும்போது மேலும் வெப்பம் நீங்குகின்றது. காற்று அதனை விரைவுபடுத்துகின்றது. உடல் தன் நடுப்பகுதியின் வெம்மையைக் காத்தற்பொருட்டுக் கைகால்களின் குருதிக் குழாய்களை முதலிற் சுருக்கிக்கொள்வதால், குளிரின் முதல் அடி விரல்களிலே விழுகின்றது. வாவி மீனவர் இதனை வேறொரு வகையில் அறிவர். மாரியிரவில் மார்பளவு நீரில் நிற்கும்போது தோன்றாத நடுக்கம், தோணியில் ஏறிக் காற்றுப்பட்டதும் தோன்றும். வாவி நீர் பெரும்பாலும் இரவுக் காற்றைவிட வெதுவெதுப்பானது. நனைந்த உடலிற் படும் காற்றே பகை. எனவே இந்நிலத்திலே வெம்மை என்பதற்கு உலர்ச்சி என்றே பெரும்பாலும் பொருள்கொள்ளல் வேண்டும். பருத்தித்துணியை மேலும் மேலும் சுற்றிக்கொள்வதால் ஈரமே மிகும். சாக்கை ஒருபுறம் மடித்துத் தலையிற் கவிழ்த்து முதுகில் தொங்கவிடும் உழைப்பாளரின் வழக்கம், உடலைப் போர்த்துவதைவிட மழையை வழியச் செய்வதையே நோக்கமாகக் கொண்டது.

ஈரக்குளிரைப் பற்றிய இவ்வறிவு தமிழருக்குப் பழைமையானது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகளைக் கொண்ட பாட்டு. அதன் தொடக்கத்திலே பெருமழைக்கு அஞ்சி மேட்டுநிலம் சேர்ந்த கோவலர், கையிலே கொள்ளியை வைத்துக்கொண்டு நடுங்கி நிற்பதையும், பின்னர் நகரத்து இல்லங்களிலே அகன்ற வாயையுடைய ‘தடவு’ எனப்படும் நெருப்புக்கலத்தில் மக்கள் குளிர்காய்வதையும் காண்கின்றோம். ஒரே குளிருக்கு இருவகையான தீ அங்கே காட்டப்படுகின்றது. வீட்டினுள் இருப்பவனுக்குக் கலத்திலே நிலைத்து எரியும் நெருப்பு. வெளியே தன் நிரையோடு நிற்பவனுக்குக் கையிற் பிடித்த கொள்ளி. சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூதுவிட்ட பாட்டிலோ அதுவுமில்லை. போர்வையற்ற வறியவன் தன் கைகளையும் கால்களையுமே போர்வையாக்கிக்கொண்டு சுருண்டிருக்கும் நிலை அதிற் கூறப்படுகின்றது. கலம், கொள்ளி, வெறுங்கை என்னும் இம்மூன்று படிகளும் குளிரைச் சமூகநிலையோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும் என்பதை நமக்கு உணர்த்துகின்றன.

வாவிக்கரைக் காவலாளனுக்குத் துணையாயிருந்தது தீ. ஆயின் மாரியில் தீயை மூட்டுவது எளிதன்று. இப்பிரதேசத்தின் பழங்குடியினரான வேடர் பற்றிச் செலிக்மான் இணையர் எழுதி 1911இல் வெளியான நூலிலே, பாறைகளின் கீழ் ஒதுங்கி வாழ்ந்த குடும்பங்களைப் பற்றிய செய்திகள் உள்ளன. தமிழ் பேசும் கரையோர வேடரைப் பற்றிய குறிப்புகளையும் அதிற் காணலாம். பாறை ஒதுக்கு இருந்தவருக்கு உலர்ந்த இடமும் அணையாத அடுப்பும் இருந்தன. படுவான்கரையின் திறந்த வயல்வெளியிலே அத்தகைய ஒதுக்கு இல்லை. தீக்கடைகோலும் சக்கிமுக்கிக்கல்லும் ஈரத்திலே பயன்குன்றும். பிற்காலத்தில் வந்த தீப்பெட்டியும் மடியில் நனைந்தால் உதவாது. ஆகவே புதிதாகத் தீ மூட்டுவதிலும், மூட்டிய தீயை அணையாது காத்து எடுத்துச் செல்வதே முக்கியமான கலையாயிற்று. தேங்காய்ப் பொச்சு சுவாலையின்றி மெல்லக் கனலும். அதன் புகை நுளம்பையும் விரட்டும். சிரட்டைத் தணல் புகை குறைந்தது, வெம்மை மிகுந்தது. காசுமீரத்து மக்கள் பிரம்புக் கூடையில் வைத்த மண்கலத்திலே தணலிட்டு மேலங்கியின் உள்ளே கொண்டுசெல்லும் ‘காங்கிரி’யும் இதே அறிவின் மற்றொரு வடிவமே. சுவாலை உடலின் ஒருபுறத்தைச் சுடும். தணலோ கைக்கடங்கிய வெம்மையைத் தரும்.

விறகின் தெரிவிலும் நிலத்தைப் பற்றிய அறிவு வேண்டியிருந்தது. காட்டோரத்திலே வீரை, பாலை போன்ற வைர மரங்களின் விறகு நெடுநேரம் நின்றெரியும். வாவிக்கரையிலே கண்டல் உண்டு. ஆனால் அதே கரையில் வளரும் தில்லை மரத்தை அடுப்புக்கு எடுத்தலாகாது. அதன் பாலும் புகையும் கண்ணுக்குத் தீங்கானவை. தில்லை மண்டூர் என ஓர் ஊருக்கு வழங்கும் பெயரும் அம்மரம் இக்கரைக்கு எத்துணை உரியது என்பதைக் காட்டும். இருளிலே கைக்கு எட்டியதை ஒடித்துத் தீயிலிடுபவன் குளிருக்குத் தப்பிக் கண்ணோவுக்கு ஆளாகலாம். கைகாலை வெம்மையாக்குதல் என்பது மரங்களை இனங்காணும் கல்வியையும் உட்கொண்டிருந்தது.

கையைப் பற்றித் தனியே சிலவற்றைக் கூறல் வேண்டும். வாய்வழியாக மருந்திட்டுக் கெட்டிக்கும் பழைய துவக்கைக் கையாள உலர்ந்த விரல்கள் இன்றியமையாதவை. ஈரவிரல் வெடிமருந்தைக் கெடுக்கும். விறைத்த விரல் விசையைச் சரிவர உணராது. ஆகையால் கையை வெம்மையாக வைத்திருத்தல் சுகத்துக்கு மட்டுமன்றி உயிர்ப் பாதுகாப்புக்கும் உரியதாயிற்று. அக்குளிலும் தொடையிடையிலும் கையைச் செருகிக்கொள்வது உடலின் வெப்பத்தையே கைக்குக் கடன்கொடுப்பதாகும். வெற்றிலை இப்பிரதேசத்து விருந்தோம்பலின் அடையாளம். பாக்கு உடலிலே ஒரு வெதுவெதுப்பை உண்டாக்குவதை மெல்லுவோர் அறிவர். ஆனால் சுருட்டோ விரல்களின் குருதிக் குழாய்களை மேலும் சுருக்குகின்றது. சாராயம் அதற்கு மாறாகத் தோலின் குழாய்களை விரித்து, வெம்மை போன்ற உணர்வைத் தந்து, உள்வெப்பத்தை வெளியேற்றுகின்றது. காவலிரவிலே குளிருக்கென நாடப்பட்டவை எல்லாம் குளிரைத் தீர்த்தவை அல்ல என்பதையும் நாம் மறைத்தலாகாது.

எனினும் இந்நிலத்தின் மெய்யான சிக்கல் கையிலன்றிக் காலிலேயே இருந்தது. சேற்றுப்புண் என்ற தமிழ்ச்சொல் இதற்குச் சான்று. இடைவிடாது ஈரத்தில் ஊறிய பாதம் வெளிறிச் சுருங்கி, விரலிடைகளில் வெடித்து, புண்ணாகின்றது. முதலாம் உலகப்போரிலே 1914 முதல் 1918 வரை மேலைப் போர்முனையின் பதுங்குகுழிகளில் நீரில் நின்ற பல்லாயிரம் போர்வீரர் பாதங்கள் கெட்டு வருந்தினர். உறைநிலைக்கு மேற்பட்ட குளிரிலும், ஈரமும் அசைவின்மையும் கூடின் பாதம் அழியும் என்பதை மருத்துவ உலகு அப்பொழுது பரவலாக உணர்ந்தது. பாதங்களைத் துடைத்து உலர்த்தல், காலுறை மாற்றுதல், திமிங்கில எண்ணெய் பூசுதல் என்பன பிரித்தானியப் படையிற் கட்டாயமாயின. 1960களில் வியட்நாமின் நெல்வயல்களிலே நடந்த அமெரிக்கப் படையினரோ குளிர் சிறிதுமில்லாத வெதுவெதுப்பான நீரிலேயே பாதநோயுற்றனர். நாள்தோறும் பல மணிநேரம் பாதத்தை முற்றாக உலரவிடுதலே அதற்குரிய காப்பு எனக் கண்டனர்.

இவ்விரு செய்திகளும் நம் காவலாளனின் வாழ்வை விளக்கவல்லன. அவன் பகல் முழுதும் வரம்பு கட்டியும் களை பிடுங்கியும் சேற்றில் நின்றவன். அவனது பாதம் உலர்வதற்குரிய காலம் இரவு ஒன்றே. கழுவித் துடைத்து, எண்ணெய் பூசி, தணலுக்கு எட்ட நீட்டிய கால் மறுநாளைய உழைப்புக்குத் தகுதி பெற்றது. அவ்விரவையும் காவல் எடுத்துக்கொண்டது. பன்றி வந்த ஓசை கேட்டுப் பரணை விட்டு இறங்கிச் சேற்றில் ஓடிய ஒவ்வொரு முறையும் உலர்ந்த பாதம் மீண்டும் நனைந்தது. ஆகவே காவலாளனின் காலை வெம்மையாக வைத்திருந்தது எது என்று கேட்டால், தீ என்று மட்டும் விடைகூறுதல் போதாது. ஓரிரவில் எத்தனை முறை அவன் இறங்கவேண்டியிருந்தது என்பதே அதனை முடிவுசெய்தது.

இந்நோக்கிற் பார்க்கும்போது, காவற்கருவிகள் யாவும் காலைக் காக்கும் கருவிகளாகவும் தோன்றுகின்றன. கயிற்றை இழுத்தால் தொலைவிலே ஒலிக்குந் தகரம், கல்லெறியும் கவண், வரம்பிலே குரைக்கும் நாய், இரவெல்லாம் எழுப்பும் கூக்குரல் ஆகியன பரணிலிருந்தபடியே விலங்கை விரட்டுவதற்கானவை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலே தினைப்புனத்திற் கிளிகடியும் கருவிகளாகத் தழல், தட்டை, குளிர் என மூன்று பெயர்கள் வருகின்றன. நெருப்பையும் குளிரையும் குறிக்குஞ் சொற்களே இரு கருவிகளின் பெயராக அமைந்ததிலிருந்து நாம் எதனையும் நிறுவ முற்படவில்லை. எனினும் அமர்ந்த இடத்திலிருந்தே காவல் செய்யும் கருவியின் தேவை பழைமையானது என்பது தெளிவு.

இவ்வரிசையின் இறுதியிலே கட்டுத்துவக்கு வந்து நிற்கின்றது. விலங்கின் தடத்திலே கம்பியோ கயிறோ கட்டி, அது இடறும்போது தானே வெடிக்குமாறு வைக்கப்படும் துவக்கு அது. காவலாளன் குளிரில் விழித்திருக்கத் தேவையில்லை. இறங்கி ஓடவுந் தேவையில்லை. ஆனால் பன்றியின் உயரத்துக்குக் குறிவைத்த குண்டு மனிதன் இடறினால் அவன் காலிலேயே பாய்கின்றது. இலங்கையின் மருத்துவ அறிக்கைகளிலே கட்டுத்துவக்குக் காயங்கள் பெரும்பாலும் கால்களிலேயே காணப்படுகின்றன. சட்டம் அதனைத் தடைசெய்துள்ளது. ஒருவன் தன் காலைக் குளிரிலிருந்து காக்கப்போய், வழிச்செல்லும் மற்றொருவனின் காலை இழக்கச் செய்யும் இந்நிலை, சிக்கலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றியதேயன்றித் தீர்த்ததன்று. பெரும்பாலும் அவ்வழியே செல்பவனும் விறகுக்கோ தேனுக்கோ போகின்ற வறியவனே.

காவலின் குளிரைச் சுமந்தவர் யாவர் என்ற வினாவுக்கு இப்பொழுது வருகின்றோம். மட்டக்களப்பின் பெருநிலவுடைமையாளர் போடியார் எனப்பட்டனர். அவரின் கீழ் வயலிலே தங்கி வேளாண்மையைப் பொறுப்பாகச் செய்தோர் முல்லைக்காரர் எனப்பட்டனர். விளைவு இருவரையுஞ் சார்ந்தது. பரணின் இரவோ ஒருவரையே சார்ந்தது. வேட்டையைப் பற்றி அச்சில் வந்தவற்றிலும் இதே ஏற்றத்தாழ்வு உண்டு. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்து, மலைநாட்டின் குளிரிலே மரை வேட்டையும் தாழ்நிலத்திலே யானை வேட்டையும் ஆடி, 1850களில் இரு நூல்களை வெளியிட்டார். அவருக்கு வேட்டை விருப்பத்தின்பாற்பட்டது. குளிர் உடலுக்கு உரந்தரும் இன்பம். விரும்பியபோது வீடு திரும்பும் உரிமை அவருக்கிருந்தது. அதே ஆண்டுகளிலும் படுவான்கரையின் பரண்களிலே மனிதர் விழித்திருந்தனர். அவர்கள் நூலெழுதவில்லை. அவர்தம் அறிவு தணலிலும் எண்ணெயிலும் விறகின் தெரிவிலும் மட்டுமே பொதிந்து கிடந்தது. இவை சாம்பலாகிச் சுவடின்றி மறைவன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இவ்வாழ்வு பெரிதும் மாறிற்று. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை வரையறுத்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் வேடர் வேட்டையாடிய காடுகளின் ஒரு பகுதி சேனநாயக்க சமுத்திரத்தின் நீரில் மறைந்தது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி கூரைகளைப் பெயர்த்துத் தென்னஞ்சோலைகளைச் சாய்த்தபோது, காவலாளன் மட்டுமே அறிந்திருந்த ஈர இரவை மட்டக்களப்பு முழுவதும் ஒரே நாளில் அறிந்தது. கூரையற்ற ஊரிலே உலர்ந்த விறகும் அணையாத தணலும் எத்துணை அரியன என்பதை அவ்விரவு அனைவருக்கும் உணர்த்திற்று. பின்னர் 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திலே, இரவில் வயலுக்குச் செல்வதே உயிராபத்தாயிற்று. பரண்கள் பல வெறிச்சோடின.

போர் ஓய்ந்தபின் மக்கள் வயலுக்குத் திரும்பினர், யானைகளும் வந்தன. வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவுப் பக்கங்களிலே இன்றும் உழவர் மாரியிரவில் விழித்திருக்கின்றனர். யானைவெடியும் மின்சூளும் மின்வேலியும் இன்று அவர்களுக்குத் துணை. இறப்பர்ச் சப்பாத்தும் பொலித்தீன் உறையும் உண்டு. ஆயின் நீர்புகாத சப்பாத்தினுள் ஒருமுறை புகுந்த நீர் வெளியேறுவதுமில்லை. மாரி வயலின் நீரோடு பரவும் எலிக்காய்ச்சல், வெடித்த பாதத்தின் வழியாக உடலிற் புகக்கூடியது. எனவே பாதத்தை உலர்வாக வைத்திருத்தல் என்ற பழைய காவலறிவு, இன்றைய மருத்துவ அறிவுரையாகவும் இருக்கின்றது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, மட்டக்களப்பிலே குளிர்கால வேட்டையின் வரலாறு பெரும்பாலும் இராக்காவலின் வரலாறே. இரண்டாவது, அங்கே கைகால் வெம்மை ஆடையால் அன்றி உலர்ச்சியாலும் தணலாலும் பேணப்பட்டது. மூன்றாவது, அவ்வுலர்ச்சியின் அளவை வானிலை மட்டும் முடிவு செய்யவில்லை. யார் பரணில் இருந்தார், யார் வீட்டிலிருந்தார் என்ற உறவுமுறையே முடிவு செய்தது. களவெட்டியில் குவிந்த நெல்லை அளந்தோர் அவணக் கணக்கை எழுதி வைத்தனர். அந்நெல்லின் பொருட்டு நனைந்த பாதங்களின் கணக்கு எழுதப்படவில்லை. மாரிக் காவலிருந்த முதியோர் இன்னும் நம் ஊர்களில் உளர். எந்த விறகை இட்டார், எந்த எண்ணெயைப் பூசினார், ஓரிரவில் எத்தனை முறை இறங்கினார் என்று அவரிடம் கேட்டெழுதுவது நம் தலைமுறையின் கடனாகும்.